குணநாயகத்தின் கை

தாழந்தீவுக்கு ஆளுநர் என்று ஒருவரை எந்த அரசாங்கமும் நியமித்ததில்லை. நியமிக்கிற அளவுக்கு அங்கே இப்போது ஆட்களும் இல்லை. யாழ்ப்பாணக் கரையிலிருந்து வள்ளத்தில் போகவேண்டிய அந்தச் சின்னத் தீவில் இருப்பவர்களைவிட, லண்டனின் ஹரோவிலும் ஹவுன்ஸ்லோவிலும் ஃபாரஸ்ட் கேட்டிலும் இருக்கிற தாழந்தீவார் அதிகம். பள்ளிக்கூடத்துக்குக் கூரை மாற்றுவதா, இறங்குதுறைக்கு விளக்குப் போடுவதா, திருவிழாவுக்கு எந்த மேளம் என்பதெல்லாம் ஹரோவில் வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபத்தில்தான் தீர்மானமாகும். ஆகவே 'தாழந்தீவு மக்கள் ஒன்றியம், ஐக்கிய இராச்சியம்' என்ற சங்கத்தின் தலைவரை எல்லோரும் கவர்னர் என்றே அழைத்தார்கள். முதலில் நக்கலாகத்தான். பிறகு நக்கல் தேய்ந்து பட்டமாகிவிட்டது. லண்டனில் இருந்துகொண்டு தூரத்துத் தீவை ஆள்வது இந்த ஊருக்கு ஒன்றும் புதுப்பழக்கம் இல்லைதானே.

அந்தச் சங்கத்தில் சிவனேஸ்வரியைத் தெரியாதவர் கிடையாது. ஆனால் பெயரைச் சொன்னால் கொஞ்சம் யோசிப்பார்கள். 'ரெண்டு கை அக்கா' என்றால் உடனே தெரியும்.

தாழந்தீவார் தங்கள் கவர்னரைக் கை தூக்கித்தான் தெரிவு செய்வார்கள். பெட்டி, திரை, மறைவு ஒன்றும் கிடையாது. மறைவாகப் போட்டால் யார் யாருக்குப் போட்டார்கள் என்று தெரியாது. அது தெரியாமல் அடுத்த தேர்தல்வரை யாரோடு கோபித்துக்கொண்டு இருப்பது? இந்த வழக்கத்தோடு இன்னொரு விதியும் இருந்தது. சங்கம் தொடங்கிய முதற் கூட்டத்திலேயே, பிறகு கவர்னரான பாலேந்திரா எழுந்து நின்று அதைக் கொண்டுவந்தார். காணாமல் போனவர்களும் அங்கத்தவர்களே. அவர்களுடைய கையை அவர்களுக்கு உரியவர்கள் தூக்கலாம்.

ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. தொண்ணூறாம் ஆண்டு ஒரு காலைப்பொழுதில் சீருடைக்காரர் தீவில் வந்து இறங்கினார்கள். வீடு வீடாகப் போய் ஆண்களை எழுப்பி, இரண்டு கையையும் தூக்கச் சொல்லி, வரிசையாகப் பள்ளிக்கூட வளவுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. அந்த மண்டபத்தில் இருந்த பாதிப் பேருக்காவது அந்த வரிசையில் ஒரு உறவு இருந்தது. முதல் தேர்தலில் பின்வரிசைகள் முழுக்க இரண்டு கைகளாய் எழும்பின. மண்டபத்தின் வெள்ளைக்காரக் காவலாளி கதவால் எட்டிப் பார்த்துவிட்டு, இவர்கள் ஏன் சரணடைகிறார்கள் என்று கேட்டாராம்.

பிறகு ஒவ்வொரு தேர்தலிலும் கைகள் குறைந்தன. ஒரு வீட்டில் மகளுக்குக் கலியாணம் பேசும்போது, தகப்பன் இருக்கிறாரா இல்லையா, தெளிவாகச் சொல்லுங்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். இன்னொரு வீட்டில் தாய் சாகக் கிடந்தபோது, மகனுக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டால் நிம்மதியாய்ப் போவேன் என்றாள். இறந்தவருக்குரிய அந்தியேட்டிக் கிரியையைச் செய்து முடித்த வீட்டார் அடுத்த கூட்டத்தில் ஒரு கையை மட்டும் தூக்குவார்கள். யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அப்படிக் குறைந்து குறைந்து, கடைசியில் சிவனேஸ்வரி ஒருத்திதான் மிஞ்சினாள்.

இடக்கை அவளுடையது. வலக்கை அவள் புருஷன் குணநாயகத்தினுடையது.

அவன் கையை அவள் விளையாட்டாகத் தூக்கியதில்லை. அவன் இருந்திருந்தால் எந்தப் பக்கம் தூக்குவான் என்று யோசித்துத்தான் தூக்குவாள். ஒருமுறை இறங்குதுறை விஷயத்தில் அவளுடைய கை ஒரு பக்கமும் அவன் கை மறுபக்கமும் போய், இரண்டு வாக்கும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. மண்டபமே சிரித்தது. "வீட்டிலையும் இப்பிடித்தான் அக்கா சண்டையோ?" என்று யாரோ கேட்டார்கள். சிவனேஸ்வரியும் சிரித்தாள். சண்டை பிடிக்க ஒரு ஆள் இருப்பதுபோல அந்த ஒரு நாள் இருந்தது. கவர்னர் தெரிவில் மட்டும் குணநாயகம் ஒருநாளும் மாறியதில்லை. பாலேந்திரா அவனுடைய கூட்டாளி. ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர்கள். வலக்கை எப்போதும் பாலேந்திராவுக்குத்தான்.

அந்த வலக்கைக்கு ஆதாரம் பாலேந்திரா சொன்ன ஒரு சொல். அன்று காலை வரிசையில் அகப்படாமல் தாழம்பற்றைக்குள் பதுங்கிக் கிடந்தவர் அவர். பின்னேரம் உடம்பெல்லாம் மண்ணாக ஓடிவந்து அவளிடம், "படகிலை ஏத்தினதை என்ரை கண்ணாலை கண்டனான், தங்கச்சி. அக்கரைக்குக் கொண்டு போறாங்கள். விசாரிச்சுப்போட்டு விட்டுடுவாங்கள்" என்றார். பள்ளிக்கூடக் கிணற்றின் வாயைச் சீமெந்துப் பலகையால் மூடியிருக்கிறார்கள் என்று ஊரெல்லாம் வேறு கதை கதைத்தது. சிவனேஸ்வரி அந்தப் பக்கமே போகவில்லை. கண்ணால் கண்ட மனிதர் சொன்னதை விட்டுவிட்டுக் காற்றில் வந்த கதையையா நம்புவது?

கைக்குழந்தையோடு லண்டன் வந்தாள். முன்னமே வந்திருந்த பாலேந்திராதான் வழக்கறிஞரிடமும் கவுன்சிலுக்கும் கூட்டிக்கொண்டு திரிந்தார். ஹவுன்ஸ்லோவில் வீடு கிடைத்தது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற சமையற்கூடத்தில் வேலை கிடைத்தது. மகள் அஜந்தாவைப் படிப்பித்து மருந்தாளராக்கினாள். சொந்தக் காலில் நின்ற பெண், கெட்டிக்காரி, வாய்க்காரி. ஆனால் ஷிப்ட் முடிந்ததும் நேரே வீட்டுக்கு வரமாட்டாள். பயணிகள் வெளியே வருகிற வாசலுக்குப் போவாள். பெயர் எழுதிய அட்டைகளோடு நிற்பவர்களுக்குப் பின்னால், தன் ஓவர்கோட்டின் பொத்தானைப் பிடித்தபடி, கொழும்பு விமானத்துச் சனம் முழுக்க வெளியேறும்வரை நிற்பாள். அவன் போனது இருபத்தொன்பது வயதில். இப்போது அறுபது தாண்டியிருக்கும். வருகிற கிழவர்களின் முகத்திலிருந்து வயதைச் சுரண்டிச் சுரண்டிப் பார்ப்பாள். சிலர் பயந்துபோய்த் திரும்பிப் பார்ப்பார்கள்.

வீட்டிலும் அவன் இல்லாமல் இல்லை. மேல்மாடியில் யாரும் இல்லாதபோது பலகை முனகும். குளியலறைக் கண்ணாடியில் படிந்த ஆவியை அவள் துடைப்பதற்கு முன்பே யாரோ ஓரமாய்த் துடைத்திருப்பார்கள். தேர்தல் நெருங்கினால் வலக்கை குளிர்ந்துவிடும். இடக்கை சூடாக இருக்க, வலக்கை மட்டும் ஐஸ்பெட்டிக்குள் வைத்து எடுத்ததுபோல இருக்கும். ஹீட்டரில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு, "வாறன் எண்டால் வாங்கோவன், ஏன் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்" என்று சத்தமாகவே சொல்வாள்.

இந்த முறை கை ஒரு மாதத்துக்கு முன்பே குளிர்ந்துவிட்டது. காரணம் லக்‌ஷிகா.

லக்‌ஷிகா ஹரோவில் பிறந்து வளர்ந்த வழக்கறிஞர். தாழந்தீவை இரண்டே தரம் பார்த்தவள். அவளுடைய தாய்மாமன் ஒருவரும் அந்த வரிசையில் போனவர். இத்தனை வருடமும் ஒருமுறைகூடத் தோற்காமல் கவர்னராக இருந்த பாலேந்திராவுக்கு எதிராக அவள் நின்றாள். பிரச்சினை கிணறு. அந்தப் பழைய பள்ளிக்கூட வளவை ஒன்றியம் எப்போதோ வாங்கிவிட்டது. அதில் ஒரு கலியாண மண்டபம் கட்டவேண்டும் என்பது பாலேந்திராவின் திட்டம். வரைபடத்தில் கிணறு இருக்கும் இடத்தில் சமையற்கட்டு வரும். மண்டபம் கட்டமுன்பு கிணற்றைத் தோண்டவேண்டும், காணிக்குச் சொந்தக்காரர் கேட்டால்தான் நீதிமன்றம் அனுமதி தரும், தலைவரின் கையெழுத்து வேண்டும் என்பது லக்‌ஷிகாவின் கட்சி. சங்கம் இரண்டாகப் பிளந்தது. வாட்ஸ்அப்பில் முப்பது வருடத்துச் சம்பந்திகள் ஒருவரையொருவர் வெளியேற்றினார்கள். கோயிலில் பிரசாதம் வாங்க இரண்டு வரிசை நின்றது.

லக்‌ஷிகா ஒரு சனிக்கிழமை ஹவுன்ஸ்லோவுக்கு வந்தாள். கதிரை நுனியில் இருந்துகொண்டு, "மாமி, நான் சுத்தி வளைக்க விரும்பேல்லை. கணக்குப் பார்த்தம். சரிசமனா நிக்குது. உங்கடை வோட் எனக்கு வேணும். ரெண்டும்" என்றாள்.

"என்ரையைத் தரலாம் பிள்ளை. மற்றது என்ரை இல்லையே."

"அங்கிளுக்கு என்ன நடந்தது எண்டு உங்களுக்கு அறியவேண்டாமோ?"

"அறியவேணும். அதுதான் பயமாக்கிடக்கு" என்றாள் சிவனேஸ்வரி.

அடுத்த நாள் பாலேந்திரா வந்தார். வைத்த தேத்தண்ணியைத் தொடவில்லை. சுவரில் மாட்டியிருந்த குணநாயகத்தின் படத்துக்கு முதுகு காட்டி இருந்தார்.

"தங்கச்சி, நீ இத்தனை வருஷமா அவன்ரை கையைத் தூக்கிறது அவன் உயிரோடை இருக்கிறான் எண்டுதானே? உயிரோடை இருக்கிறவனை ஆரும் கிணத்துக்கை தேடுவினமோ?"

அவர் போன பிறகும் அந்தக் கேள்வி வீட்டை விட்டுப் போகவில்லை. அது நியாயமான கேள்வி என்பதுதான் அவளை வதைத்தது. அவன் கையைக் கிணற்றைத் தோண்டத் தூக்கினால், உயிரோடு இருக்கிறவன் தன் பிணத்தைத் தேடச் சொல்கிறான் என்றாகும். பாலேந்திராவுக்குத் தூக்கினால், அந்தச் சீமெந்துப் பலகைக்கு மேலே அடுப்பு எரியும், தாழந்தீவார் கலியாணச் சாப்பாடு சாப்பிடுவார்கள், அவள் சாகும்வரை அந்த விமான நிலைய வாசலில் நிற்பாள். மகளிடம் கேட்டாள். அஜந்தா சங்கத்தில் சேராதவள். அந்தச் சனத்தின் சண்டை தனக்கு வேண்டாம் என்று ஒதுங்கியவள்.

"அம்மா, ஒருக்காச் சொல்லுங்கோ. அப்பா இருக்கிறாரா, இல்லையா? ஃபோம் நிரப்பேக்கை தகப்பன் எண்ட இடத்திலை ஒவ்வொருக்காலும் ஒவ்வொண்டு எழுதியிருக்கிறன்" என்றாள். சொல்லிவிட்டு எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினாள்.

தேர்தலன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. பேர்மிங்காமிலிருந்துகூட வான் பிடித்து வந்திருந்தார்கள். வழமைபோல இருக்கிற தலைவரே மேடையில் இருந்தார். கை எண்ணுகிற பொறுப்பு செயலாளர் சுசிலாவுக்கு. ஓய்வுபெற்ற கணக்கு ரீச்சர். அவள் எண்ணினால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. சிவனேஸ்வரி தன் வழமையான இடத்தில், மூன்றாவது வரிசை ஓரத்தில் இருந்தாள். வலக்கையைச் சேலைத் தலைப்புக்குள் சுற்றி வைத்திருந்தாள்.

"லக்‌ஷிகாவுக்கு ஆதரவானவை கையைத் தூக்குங்கோ."

சிவனேஸ்வரியின் இடக்கை எழும்பியது. சுசிலா வரிசை வரிசையாக வந்து எண்ணினாள். அறுபத்தொன்று.

"பாலேந்திரா அண்ணைக்கு."

சிவனேஸ்வரி அசையவில்லை. மறுபடியும் எண்ணினாள் சுசிலா. நடு வரிசையில் ஒரு தரம் நின்று திரும்ப எண்ணினாள். பாலேந்திரா தனக்குத் தூக்கிய கையையும் சேர்த்து, அறுபத்தொன்று.

ஒவ்வொரு தலையாக மூன்றாவது வரிசைக்குத் திரும்பியது. சுசிலா அவள் பக்கத்தில் வந்து குனிந்து, ஒரு பிள்ளையிடம் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, குணநாயகம் அண்ணையின்ரை கை இன்னும் வரேல்லை."

சிவனேஸ்வரி எழுந்து நின்றாள். என்ன செய்ய, சொல்லுங்கோ என்று உள்ளுக்குள் அவனைக் கேட்டாள். இத்தனை வருடமும் கேட்டவுடன் ஏதாவது ஒரு பக்கம் இழுத்த கை அது. இப்போது ஒன்றும் இல்லை. தலைப்புக்குள் தன் விரல்களை அசைத்துப் பார்த்தாள். அவளுடைய சொந்தக் கைதான். சூடுகூட இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கமுடியாமல் போனது. மேல்மாடியில் முனகிய பலகை, ஓரம் துடைத்த கண்ணாடி எல்லாம் தானேதான் என்று ஒரு நொடியில் தெரிந்தது.

"அவருக்கு இனிக் கை இல்லை" என்றாள். "அவர் செத்துப்போனார். எழுதுங்கோ, சுசிலா."

பின்வரிசையில் ஒரு பெண் வாய்விட்டு அழத் தொடங்கினாள். சுசிலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மேடைக்குப் போனாள். குரலைச் சரிசெய்துகொண்டு, வாக்குகள் சமமாக இருப்பதால் யாப்பின்படி தலைமை வகிப்பவருக்கு இன்னொரு கை உண்டு என்று அறிவித்தாள். லக்‌ஷிகா தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்தாள். முடிவு தெரிந்த விஷயம். எவர்தான் தனக்கு எதிராகக் கை தூக்குவார்?

பாலேந்திரா எழுந்தார். எழுபதை நெருங்குகிற மனிதர். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். பிறகு கையைத் தூக்கி, "லக்‌ஷிகாவுக்கு" என்றார்.

மண்டபம் வெடித்தது. பெரிய மனம், கவர்னர் எண்டால் இதுதான் கவர்னர் என்று ஆட்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஃபோனில் படம் எடுத்தார்கள். இரண்டு மாதம் முகம் பார்க்காதிருந்தவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சிவனேஸ்வரி மட்டும் தட்டவில்லை. அவள் பாலேந்திராவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோற்றவன் முகம் அது இல்லை. சுமையைக் கீழே வைத்துவிட்டு இனி என்ன நடக்குமோ என்று நிற்கிறவன் முகம். வீடு வீடாக அலைந்து கேட்ட வெற்றியை ஒரு மனிதன் சும்மா கொடுப்பானா? அதுவும் அவள் அந்த ஒரு சொல்லைச் சொன்ன கையோடு?

ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவளைக் கூட்டிவந்து திரும்பக் கொண்டுபோய் விடுவது பாலேந்திராதான். அன்றும் காரில் ஏறினாள். அவர் சாவியைப் போட்டார், திருகவில்லை. கண்ணாடிக்கு வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. பலகாரப் பெட்டிகளோடு சனம் ஓடிக்கொண்டிருந்தது.

"படகிலை ஏத்தேல்லைத்தானே, அண்ணை?" என்று கேட்டாள்.

அவர் தலையை ஆட்டினார். ஏற்றவில்லை.

"கண்டனீங்களோ?"

"ஓம். பற்றைக்குள்ளை இருந்து. கிணத்தடிக்குக் கொண்டுபோகேக்கை அவன் என்னைக் கண்டவன், தங்கச்சி. நேருக்கு நேர் கண்டவன். கண்டிட்டு மற்றப் பக்கம் திரும்பிட்டான். திரும்பாமல் விட்டிருந்தால் நானும் அதுக்குள்ளைதான்."

சிவனேஸ்வரி முன்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தாள். அவர் தொடர்ந்து சொன்னார். அவசரமாக, முப்பது வருடமும் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிய மாதிரி.

"நீ அப்ப ஏழு மாசம். இதைச் சொன்னால் பிள்ளைக்கும் ஏதும் நடந்திடும் எண்டு பயந்தனான். பிள்ளை பிறக்கட்டும், பிறகு சொல்லுவம் எண்டு நினைச்சன். பிள்ளை பிறந்தது. நீ எழும்பி நடந்தாய். ஒருநாள் சிரிச்சாய். பிறகு எனக்குச் சொல்ல ஏலாமல் போச்சு."

"அந்தப் பிள்ளைக்கு இப்ப தலை நரைக்கத் தொடங்கிட்டுது."

"தெரியும்."

"அவர்ரை கையாலை உங்களைத்தானே அண்ணை நான் ஒவ்வொருக்காலும் தலைவராக்கினனான்."

பாலேந்திரா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்கியது. அவள் ஆறுதல் சொல்லவில்லை. அவள் மனதில் அப்போது இரக்கம் இல்லை, கோபம் இருந்தது. கோபத்துக்கு அடியில், அவன் கடைசியாகச் செய்த காரியம் ஒரு கூட்டாளியைக் காப்பாற்றியது என்ற பெருமை இருந்தது. அந்தப் பெருமைக்காகத்தான் அவள் அழுதாள். அழுது முடியும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

"காரை எடுங்கோ" என்றாள் பிறகு. "அஜந்தாவுக்காகத்தானே பொய் சொன்னனீங்கள். அவளுக்கு நீங்கள்தான் சொல்லவேணும். நான் சொல்லமாட்டன்."

ஹவுன்ஸ்லோவரை மழை விடவில்லை. வாசல் மணியை அடிக்கவேண்டி இருக்கவில்லை. கார்ச் சத்தம் கேட்டு அஜந்தாவே வந்து கதவைத் திறந்தாள். அம்மாவுக்குப் பின்னால் நனைந்துபோய் நின்ற பாலேந்திராவைக் கண்டதும், குழந்தையாக இருந்த நாளிலிருந்து அவரைக் காணும்போதெல்லாம் மலர்கிற முகம் அன்றும் மலர்ந்தது.

"உள்ளுக்கு வாங்கோ மாமா, மழைக்குள்ளை நிக்கிறியள்" என்றாள். "ஆர் வெண்டது?"

பாலேந்திரா சப்பாத்துக் கழற்றக் குனிந்தார். குனிந்தவர் நிமிர வெகுநேரம் எடுத்தது.